நிக்கல் அலுமினைடு உடைகிறதா? உடைந்த முகத்திலிருந்து தொடங்குங்கள்

நிக்கல் அலுமினைடை முதன்முதலாக உருக்கிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே வாரத்தில் சலித்துப்போகிறார்கள். பட்டன் (உருக்கி உறையவிட்ட சின்ன வில்லை) விரிசல் விடும், டெஸ்ட் துண்டு இழுத்தவுடன் முறியும், இன்று வந்த எண் நாளை வராது. "இது நொறுங்குகிற சரக்கு, அவ்வளவுதான்" என்று ஒதுக்கி வைத்துவிடுவார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. இந்த உலோகம் காரணமில்லாமல் உடைவதில்லை. எந்தக் காரணத்தால் உடைந்தது என்பதை உடைந்த முகத்திலேயே எழுதி வைத்துவிட்டுத்தான் உடைகிறது. அதைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

நிக்கல் அலுமினைடு என்று நாம் சொல்வது இரண்டு வேறு சேர்மங்களை. மூன்று நிக்கல் அணுவுக்கு ஓர் அலுமினியம் அணு சேர்ந்தது ஒன்று. ஜெட் என்ஜின் பிளேடு செய்யும் சூப்பர் அலாய்களுக்கு வலிமை தரும் காமா பிரைம் இதுதான். இரண்டும் சரிபாதியாகச் சேர்ந்தது இன்னொன்று. இதை பீட்டா என்பார்கள். உருகுநிலை சுமார் 1640° செ., அடர்த்தி மி.லி.க்கு 5.9 கிராம். காமா பிரைமின் உருகுநிலை 1390° செ. பக்கம், அடர்த்தி 7.5. இரண்டும் உடைவதற்கான காரணங்கள் முற்றிலும் வேறு. ஒன்றுக்கான மருந்தை மற்றதற்குப் போட்டால் பலிக்காது.

எதற்கும் முன்னால்: உடைந்த முகத்தைப் பாருங்கள்

உடைந்த இரண்டு துண்டையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்காதீர்கள், முகம் நசுங்கிவிடும். பத்து மடங்கு காட்டும் கைலென்ஸ் போதும். சாய்வாக வெளிச்சம் விழட்டும்.

கற்கண்டுக் கட்டியை உடைத்தாற்போல் பட்டை பட்டையாக, ஒவ்வொரு மணியும் (உலோகத்துக்குள் இருக்கும் சின்னப் படிகம்) முழுசாக நின்று மின்னினால், விரிசல் மணிகளுக்கு நடுவே, எல்லை வழியாக ஓடியிருக்கிறது. காமா பிரைமில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த வகை. முகம் மங்கலாக, சொரசொரப்பாக, நார் இழுத்ததுபோல் இருந்தால் மணிகளையே கிழித்துக்கொண்டு உடைந்திருக்கிறது. அது நல்ல செய்தி. வழவழவென்று சின்னச் சின்னக் கண்ணாடிச் சில்லுபோல் தெரிந்தால், உங்கள் கையில் இருப்பது பீட்டாவோ என்று சந்தேகப்படுங்கள்.

அறிகுறி: பட்டன் ஒரு சுத்தியல் அடிக்கே சிதறுகிறது

கலவைக் கணக்கில் தொடங்குவோம். நான் பார்த்ததில் அதிகம் பேர் வழுக்கி விழுவது இங்கேதான். கட்டுரைகளில் 24 விழுக்காடு அலுமினியம் என்று போட்டிருந்தால் அது அணு விழுக்காடு, அதாவது நூறு அணுவில் எத்தனை என்ற கணக்கு. தராசில் அது எடைக்கு 12.7 விழுக்காடுதான். 24-ஐ எடைக் கணக்காக எடுத்துக்கொண்டு நிறுத்துப் போட்டால் அணுக்கணக்கில் அலுமினியம் 40-ஐத் தாண்டிவிடும். உருக்கியது காமா பிரைம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், தட்டில் இருப்பது பீட்டா பக்கத்துச் சரக்கு.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பட்டனை நூலில் கட்டித் தண்ணீரில் அமிழ்த்தி எடை பாருங்கள். 50 கிராம் காமா பிரைம் சுமார் 6.7 மி.லி. தண்ணீரை விலக்கும். அதே 50 கிராம் பீட்டா 8.5 மி.லி. விலக்கும். வித்தியாசம் கண்ணில் அறையும். கையோடு ஒரு காந்தத்தையும் காட்டிப் பாருங்கள். சாதாரண வெப்பநிலையில் இந்த இரண்டு அலுமினைடுமே காந்தத்துக்கு ஒட்டாது. பட்டனின் ஏதாவது ஒரு மூலை காந்தத்தை இழுத்தால் அங்கே நிக்கல் உருகாமலோ கலக்காமலோ கிடக்கிறது. பட்டனைப் புரட்டிப் போட்டு மறுபடி உருக்குங்கள். நான்கைந்து முறையாவது புரட்ட வேண்டும்.

கணக்கும் அடர்த்தியும் சரி, ஆனாலும் நொறுங்குகிறது, முகத்தில் கற்கண்டு. அப்படியானால் கேள்வி போரானைப் பற்றியது. தூய காமா பிரைமின் ஒற்றைப் படிகம் நன்றாகவே நீளும். பல மணிகள் சேர்ந்த வார்ப்புதான் எல்லையில் பிளக்கிறது. 1979-ல் ஜப்பானில் ஆவோகியும் இசுமியும் துளி போரான் சேர்த்தால் இந்தக் குறை போகிறது என்று கண்டார்கள். 1980களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் சி.டி. லியூ குழுவினர் அதை அடியோடு ஆராய்ந்தார்கள். அவர்கள் காட்டியதில் முக்கியமானது, போரான் வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு என்பது. அலுமினியம் 25 அணு விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். 24-ல், எடைக்கு 0.1 விழுக்காடு போரானோடு, துண்டு 50 விழுக்காடு வரை நீண்டது. 25-ஐத் தொட்டாலே பலன் கரைந்துபோகிறது. போரான் மணி எல்லையில் போய்ச் சேர நிக்கல் மிகுந்த எல்லை தேவைப்படுகிறது.

இதைத் தராசு மொழியில் சொல்கிறேன். 50 கிராம் பட்டனில் 24 விழுக்காட்டுக்கு அலுமினியம் 6.34 கிராம், 25 விழுக்காட்டுக்கு 6.64 கிராம். இடையில் இருப்பது 0.3 கிராம்! அலுமினியத் துண்டின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணெய், துருவல் வேலையில் போன தூள், தராசின் பூஜ்யம் நகர்ந்தது, எல்லாமே இந்த அளவுக்குள் விளையாடும். நான் அலுமினியத்தை அசிட்டோனில் கழுவி, உலர்த்தி, உருக்குவதற்குச் சற்று முன்புதான் நிறுப்பேன்.

போரானும் அப்படித்தான். 50 கிராமுக்கு 50 மில்லிகிராம். அதைத் தூளாகத் தூவினால் ஆர்க் (உருக்கும் மின்வில்) பட்டதும் பறந்துபோய்ச் சேம்பர் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பட்டனில் போரான் இருப்பதாகக் குறிப்பேட்டில் இருக்கும், உலோகத்தில் இருக்காது. முன்கூட்டியே நிக்கலோடு சேர்த்து உருக்கிய நிக்கல்-போரான் மாஸ்டர் அலாயாகப் போடுங்கள். அதுவும் சின்ன கட்டியாக, நிக்கல் துண்டுகளுக்கு அடியில் வையுங்கள்.

பீட்டாவில் போரான் போட்டு நீளும் தன்மையை எதிர்பார்க்காதீர்கள். அதன் கதை கடைசியில் வருகிறது.

அறிகுறி: உருக்கும்போது திடீரென்று வெள்ளையாக மின்னித் தெறிக்கிறது, பட்டன் எடை குறைகிறது

நிக்கலும் அலுமினியமும் சேரும்போது வெளிவரும் வெப்பம் சாதாரணமானதல்ல. சரிபாதிக் கலவை, எரிய ஆரம்பித்துவிட்டால், தன்னைத்தானே உருகுநிலை வரைக்கும் சூடாக்கிக்கொள்ளும். அலுமினியம் 660° செ.-ல் உருகி நிக்கல் மேல் படிந்ததும் விஷயம் கைமீறும். தெறிப்பதும் அலுமினியம் ஆவியாவதும் அப்போதுதான்.

இந்தச் சூட்டைத் தொல்லையாகப் பார்க்காமல் வேலைக்குப் பயன்படுத்தும் வழியை ஓக் ரிட்ஜில் கண்டார்கள். எக்ஸோ-மெல்ட் என்று பெயர். கிராசிபிளில் நிக்கலின் ஒரு பங்கை அடியில் வைத்துவிட்டு, மீதி நிக்கலையும் அலுமினியத்தையும் சரிபாதிக் கணக்கு வரும்படி மேலே அடுக்குவார்கள். மேலே பீட்டா உருவாகி, தன் சூட்டிலேயே உருகி, கீழே இருக்கும் நிக்கல் மேல் சொட்டி அதையும் கரைத்துக்கொண்டு போகும். இண்டக்‌ஷன் ஃபர்னஸ் வைத்திருப்பவர்களுக்கு அடுக்கும் வரிசைதான் எல்லாம். உருகிய நிக்கலில் அலுமினியத்தை மேலிருந்து போடுவது தெறித்துக் காயப்பட வழி, அதைச் செய்யாதீர்கள்.

ஆர்க்கில் உருக்குபவர்கள் சின்ன கரண்டில் தொடங்கி, நிக்கல் பக்கமிருந்து மெல்ல அலுமினியத்தை நோக்கி வாருங்கள். முடிந்ததும் பட்டனை நிறுங்கள். குறைந்த எடை முழுவதையும் அலுமினியம் என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். 50 கிராமில் 0.3 கிராம் போயிருந்தால் 24 என்பது 23 ஆகியிருக்கும். காமா பிரைமோடு காமாவும் (அலுமினியம் கரைந்த நிக்கல்) கலந்து வரும். அது கெடுதல் இல்லை, தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

அறிகுறி: ஒரே பட்டன், ஒரே அளவுத் துண்டு, நாளுக்கொரு நீட்சி

ஒரு மழைக்காலத்தில் இது எங்களை நன்றாக அலைக்கழித்தது. போரான் இல்லாத காமா பிரைம் துண்டுகள். வெயிலடித்த வாரத்தில் இழுத்தவை கொஞ்சமாவது வளைந்து கொடுத்தன. மழை பிடித்துக்கொண்ட பிறகு இழுத்தவை வளையாமலே முறிந்தன. மெஷினைக் குறை சொன்னோம், கிரிப்பை மாற்றினோம், லோடு செல்லைச் சரிபார்த்தோம். கடைசியில் மாணவி ஒருத்தி குறிப்பேட்டில் தேதிக்குப் பக்கத்தில் ஈரப்பத அளவையும் எழுத ஆரம்பித்தாள். இரண்டு பத்தியும் பக்கத்துப் பக்கத்தில் வந்ததும் விடை தெரிந்துவிட்டது.

நடப்பது இதுதான். துண்டை இழுக்கும்போது விரிசல் நுனியில் புத்தம்புதிய உலோகப் பரப்பு திறக்கிறது. அங்கே இருக்கும் அலுமினியம் காற்றிலுள்ள நீராவியோடு வினைபுரிந்து ஆக்சைடாகிறது. நீரிலிருந்து விடுபட்ட ஹைட்ரஜன் அணுவாக, மூலக்கூறாகச் சேர்வதற்கு முன்பே, மணி எல்லைக்குள் நுழைந்துவிடுகிறது. எல்லை பிளக்கிறது. நெடுங்காலம் காமா பிரைமின் மணி எல்லை பிறவியிலேயே பலவீனமானது என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் உலர்ந்த ஆக்ஸிஜனிலும் உயர் வெற்றிடத்திலும் இழுத்துப் பார்த்தபோது போரான் இல்லாமலேயே நீட்சி கூடியது. குற்றத்தில் பெரும்பங்கு காற்றுடையது! இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இது.

உங்கள் துண்டிலும் இதுதானா என்று உறுதிசெய்ய எளிய வழி, இழுக்கும் வேகத்தை மாற்றுவது. ஒரு துண்டை மெதுவாக, இன்னொன்றை நூறு மடங்கு வேகமாக இழுங்கள். ஹைட்ரஜன் உள்ளே போக நேரம் வேண்டும். வேகமாக இழுத்தது அதிகம் நீண்டால் சந்தேகம் உறுதி. போரான் போட்ட துண்டில் இந்த வித்தியாசம் வெகுவாகக் குறையும். எல்லையில் உட்காரும் போரான் ஹைட்ரஜனின் நடமாட்டத்தைத் தடுக்கிறது. போரான் போட்டதாகச் சொல்லும் துண்டில் வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தால், முன்னால் சொன்ன சேம்பர் சுவரைத் துடைத்துப் பாருங்கள்.

அறிகுறி: சூடாக்கினால் வலிமை கூடுகிறது, தெர்மோகப்பிள் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. வேறு உலோகங்கள் சூடேறினால் இளகும், காமா பிரைமோ சூடேற ஏற, 600–800° செ.-ஐ எட்டும்வரை இறுகிக்கொண்டே போகும். அதற்கு மேல்தான் இறங்கும். வெஸ்ட்புரூக் என்ற ஆய்வாளர் 1957-ல் கடினத்தன்மை அளந்து இதைக் கண்டார்.

படிகத்துக்குள் டிஸ்லொகேஷன்கள் (அணு அடுக்கில் உள்ள கோடுபோன்ற பிசகுகள், இவை நகர்வதால்தான் உலோகம் வளைகிறது) ஜோடி ஜோடியாக எண்முகத் தளத்தில் நகர்கின்றன. ஒன்று அணுக்களின் வரிசையைக் கலைத்துவிட்டுப் போகும், பின்னால் வருவது அதைச் சரிசெய்துகொண்டே வரும். சூடு ஏற ஏற, ஜோடியின் சில பகுதிகள் பக்கத்திலுள்ள கனசதுரத் தளத்துக்குத் தாவிவிடுகின்றன. வரிசை கலைந்திருப்பதற்கான ஆற்றல் அங்கே குறைவு, அதனால் தாவுவது லாபம். ஆனால் அங்கிருந்து சுலபமாக நகர முடியாது. பூட்டுப் போட்டதுபோல் நின்றுவிடும். 1962-ல் இதை விளக்கிய கியர், வில்ஸ்டார்ஃப் இருவரின் பெயரால் கியர்-வில்ஸ்டார்ஃப் பூட்டு என்கிறோம்.

இது நிஜமா, கருவிப் பிழையா என்று சந்தேகம் இருந்தால், ஒரு துண்டை 600°-க்குச் சூடாக்கி, இழுக்காமல் ஆறவிட்டு, சாதாரண வெப்பநிலையில் இழுங்கள். பழைய வலிமையே வரும். சூட்டில் இழுத்ததைக் குளிரவைத்து மறுபடி இழுத்தாலும், கூடிய வலிமையில் பெரும்பகுதி போய்விடும். அதோடு, ஏறுமுகமான இந்த வெப்பநிலைகளில் இழுக்கும் வேகத்தை மாற்றினாலும் ஈல்டு வலிமை (நிரந்தரமாக வளையத் தொடங்கும் அளவு) அவ்வளவாக மாறாது.

சூட்டில் அடித்து உருட்ட நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 700°-ல் உருட்டினால் இளகும் என்ற எஃகுக் கணக்கு இங்கே உதவாது, உருளைதான் திணறும். போரான் போட்ட காமா பிரைமைக் குளிர்நிலையில் கொஞ்சம் உருட்டி, 1000°-க்கு மேல் பதப்படுத்தி, மறுபடி உருட்டுவது நல்ல வழி.

அறிகுறி: சாதாரண வெப்பநிலையில் நன்றாக நீள்கிறது, 600–800°-ல் பட்டென்று முறிகிறது

முகத்தில் மறுபடி கற்கண்டு. இப்போது குற்றவாளி ஆக்ஸிஜன். சூடும் இழுவிசையும் சேர்ந்திருக்கும்போது ஆக்ஸிஜன் விரிசல் நுனி வழியாக மணி எல்லைக்குள் இறங்குகிறது. போரான் இதைத் தடுக்காது. வெற்றிடத்தில் அதே வெப்பநிலையில் ஒரு துண்டை இழுத்துப் பாருங்கள், நீட்சி திரும்பி வந்தால் அதுதான்.

மருந்து குரோமியம், சுமார் 8 அணு விழுக்காடு. அது சட்டென்று ஒரு காப்பு ஆக்சைடை உண்டாக்கி ஆக்ஸிஜனை வெளியிலேயே நிறுத்துகிறது. ஓக் ரிட்ஜின் ஐசி-221எம் கலவையைப் பார்த்தால் ஒவ்வொரு தனிமமும் எந்த நோய்க்கு மருந்து என்பது விளங்கும். எடைக்கு 8 விழுக்காடு அலுமினியம், 7.7 குரோமியம், 1.4 மாலிப்டினம், 1.7 ஜிர்கோனியம், 0.008 போரான், மீதி நிக்கல். கார்பன் ஏற்றும் ஃபர்னஸ்களில் தட்டுகளாகவும் எஃகு ஆலைகளில் சூடான தகட்டைத் தாங்கும் உருளைகளாகவும் இது உழைத்திருக்கிறது.

அறிகுறி: ஹீட் ட்ரீட்மென்ட்டுக்குப் பிறகு மேற்பரப்பில் வியர்த்ததுபோல் உலோகத் துளிகள், உள்ளே ஓட்டைகள்

ஜிர்கோனியம் கலந்த வார்ப்புகளில் மட்டும் வரும். கடைசியாக உறையும் திரவத்தில் ஜிர்கோனியம் ஒதுங்கி, நிக்கலோடு சுமார் 1170° செ.-ல் உருகும் ஒரு கலவையாக இடுக்குகளில் தங்கிவிடுகிறது. வார்க்கும்போது இது நல்லது. உறையும் வார்ப்பில் விழும் இடைவெளிகளை ஓடி நிரப்பி, சூட்டு விரிசலைக் குறைக்கிறது. ஆனால் வார்ப்பை நேரே 1200°-க்கு ஏற்றினால் அந்த இடுக்குகள் மறுபடி உருகி வழியும். 1150°-க்குக் கீழேயே நிறுத்தி, நேரத்தைக் கூட்டுங்கள். வெல்டிங்கில் விரிசல் வந்தாலும் இதே தர்க்கம்தான். ஜிர்கோனியத்தை 3 விழுக்காடு அளவுக்குக் கூட்டிய கம்பியால் வெல்ட் செய்தால் அந்தத் திரவம் போதிய அளவு இருந்து விரிசலை அடைத்துவிடும்.

அறிகுறி: எக்ஸ்ரேயில் எந்தச் சேர்மம் என்றே பிடிபடவில்லை

படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ரே சோதனையில், தாமிரக் கதிரில் காமா பிரைமின் பெரிய கோடு 43.9° கோணத்துப் பக்கம் விழும். பீட்டாவின் பெரிய கோடு 44.3° பக்கம். வார்த்த பட்டனில் இரண்டும் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கும். பெரிய கோட்டை விட்டுவிட்டுச் சின்னக் கோடுகளைத் தேடுங்கள். 31° பக்கம் கோடு இருந்தால் பீட்டா உண்டு. 25°, 35.5° இரண்டிலும் இருந்தால் காமா பிரைம்.

அரம் போட்டு ராவிய தூளை அப்படியே எக்ஸ்ரேயில் வைத்தால் இந்தச் சின்னக் கோடுகள் மங்கிப்போகும். ராவும்போது அணுக்களின் ஒழுங்கு கலைந்திருக்கும். தூளை ஆர்கானில் பதப்படுத்திவிட்டு வையுங்கள், கோடுகள் திரும்பும்.

அறிகுறி: பீட்டாவின் கடினத்தன்மை ஒவ்வொரு தடவையும் வேறாக வருகிறது, இழுத்தால் நீட்சியே இல்லை

கடினத்தன்மை மாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஆறவிட்ட விதம். உயர் வெப்பநிலையில் பீட்டாவில் ஏராளமான அணுக்காலியிடங்கள் உண்டாகின்றன. வேகமாக ஆறினால் அவை உள்ளேயே சிறைப்பட்டு உலோகத்தை இறுக்குகின்றன. ஃபர்னஸோடு மெல்ல ஆறவிடுங்கள், பிறகு 400°-ல் நீண்ட நேரம் வைத்து எடுங்கள். எண்கள் ஒரு நிலைக்கு வரும். வந்த பிறகும் பட்டனுக்குப் பட்டன் மாறினால் கலவையைப் பாருங்கள். சரியாக 50 விழுக்காட்டில்தான் கடினத்தன்மை மிகக் குறைவு. அலுமினியம் கூடினால் நிக்கலின் இடங்கள் காலியாகின்றன, நிக்கல் கூடினால் அது அலுமினியத்தின் இடத்தில் போய் உட்காருகிறது. இரண்டுமே இறுக்கும், முதலாவது அதிகமாக.

நீட்சியைப் பொறுத்தவரை ஒன்றை ஒப்புக்கொண்டுதான் தொடங்க வேண்டும். பல மணிகள் சேர்ந்த ஓர் உலோகம் விரிசல் விடாமல் வடிவம் மாற ஒன்றுக்கொன்று சாராத ஐந்து நழுவு முறைகள் (படிகத்தின் அணுத் தளங்கள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும் வழிகள்) வேண்டும். பீட்டாவில் மூன்றுதான் உண்டு. 400° செ.-க்கு மேலே போனால்தான் நிலைமை மாறத் தொடங்கும். ஆகவே சாதாரண வெப்பநிலையில் ஒரு விழுக்காடு நீண்டாலே திருப்திப்படுங்கள்.

ஆனால் அந்த ஒரு விழுக்காடும் வராமல் போவதற்கு நம் கைவேலையே காரணமாக இருப்பதுண்டு. ஒயர்கட்டில் (மின்பொறி பாயும் கம்பியால் வெட்டும் மெஷின்) வெட்டிய பீட்டா துண்டின் பக்கவாட்டைக் குறுக்காக மெருகேற்றி மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். வெளியோரத்தில் மெல்லிய தோல்போல் ஓர் அடுக்கு, உருகி மறுபடி உறைந்தது, அதிலிருந்து உள்நோக்கி இறங்கும் மயிரிழை விரிசல்கள். இழுக்கும் முன்பே உடைவதற்கு இடம் குறித்தாகிவிட்டது. அந்தத் தோல் முழுவதும் போகும் வரை மெல்லிய தாளில் தேய்த்து, மின்மெருகு ஏற்றி, கைலென்ஸில் நான்கு பக்கமும் ஒரு கோடுகூட இல்லை என்று பார்த்த பிறகு கிரிப்பில் மாட்டுங்கள்.